யார் கையெழுத்தில் போனது எங்கள் தோட்டம்?

தோட்டம் கைமாறுகிறது. புதிய முதலாளி வருகிறார். லயத்துக் கதவுகளில் மலாயில் அச்சடித்த கடிதம் ஒட்டப்படுகிறது: குறித்த நாளுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிறகு மின்சாரம் நிற்கும், அடுத்தாற்போல் தண்ணீர் நிற்கும். ஆயாக்கொட்டகை இடியும். மாரியம்மன் கோயிலுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்வார்கள். கடைசியில் மண்வாரி இயந்திரம் வரும். செம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா, பீடோர் என்று பேராக்கின் எந்த மூலையில் கேட்டாலும் தோட்டத்துத் தமிழர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். நாற்பது ஆண்டுகளாக இதுதான் நடக்கிறது. மாநிலத்தை எந்தக் கூட்டணி ஆண்டபோதும் வந்த பதில் ஒன்றே: இது கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் இடையில் உள்ள விவகாரம், நாங்கள் தலையிட முடியாது.

இந்தப் பதிலை இந்த ஏடு வன்மையாகக் கண்டிக்கிறது. அது உண்மைக்குப் புறம்பான பதில்; சொல்கிறவர்களுக்கும் அது தெரியும்.

மலேசியாவில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். கூட்டரசு அரசமைப்பு அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. விவசாய நிலத்தை வீடமைப்புக்கோ தொழிற்பேட்டைக்கோ மாற்ற வேண்டுமானால், 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தரும்போது கூடுதல் பிரீமியம் கேட்கலாம், நிபந்தனை போடலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டு போட்டுப் பலருக்கு விற்பதானால் 214ஏ பிரிவின் கீழ் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆக, ஈப்போவைச் சுற்றிப் பால்மரம் நின்ற நிலத்தில் இன்று எழுந்திருக்கும் ஒவ்வொரு வீடமைப்புப் பகுதிக்கும் ஒரு கோப்பு உண்டு. அந்தக் கோப்பில் அரசின் கையெழுத்து உண்டு. பிரீமியம் வாங்கிய கணக்கும் உண்டு. அந்த நிலத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகே மாற்றலாம் என்று ஒரு வரி நிபந்தனை எத்தனை கோப்புகளில் இருக்கிறது? பேராக் மக்களுக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

தோட்ட விற்பனைக்குக் கடிவாளம் வேண்டும் என்பது புதிய ஞானோதயம் ஒன்றுமில்லை. 1950களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோதே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் அப்போது தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குப் பணத்தில் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அது முதலில் வாங்கியது. பால்மரம் வெட்டியவர்களே தோட்டத்துக்கு உரிமையாளராக முடியும் என்று காட்டியது பேராக்கிலிருந்து போன ஒரு தலைவரின் முயற்சி. அப்படிப்பட்ட மாநிலத்தில், அடுத்த தலைமுறைத் தோட்டங்கள் போகும்போது கையெழுத்துப் போட்டவர்களுக்கு அந்த வரலாறு நினைவுக்கு வரவில்லை.

லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை. வேலை இருக்கும் வரைதான் கூரை. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் முதலாளி எப்படிப்பட்ட வீடு தரவேண்டும், தண்ணீர், சுகாதாரம் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அந்தக் கடமை வேலைக்காலத்தோடு முடிந்துவிடுகிறது. 55 வயதில் ஓய்வு என்றிருந்த காலத்தில், நாற்பது ஆண்டு விடியற்காலை பெரட்டுக்குப் போன ஒருவர், ஓய்வு பெற்ற மறுநாளே அந்த வீட்டில் அத்துமீறிக் குடியிருப்பவர் ஆகிவிடலாம். மகனோ மகளோ அதே தோட்டத்தில் பெயர் கொடுத்தால்தான் குடும்பம் அங்கே இருக்க முடியும். பிள்ளைகள் படித்து வெளியேற வேண்டும் என்று ஆசைப்பட்ட தாய், அந்த ஆசைக்காகவே வீட்டை இழக்க நேரிட்டது. இவ்வளவு கொடிய முடிச்சை ஒரு சட்டம் அவிழ்க்காமல் விட்டிருக்கிறது என்றால், இத்தனை ஆண்டுகளாக அதைக் கவனிக்காமல் விட்ட நாடாளுமன்றமும் இதற்குப் பொறுப்பு.

சேமித்து வீடு வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாள் கூலி. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைய கூலியும் இல்லை. ரப்பர் விலை சரிந்தால் சம்பளமும் சரியும். 1957இல் விடுதலை பெற்ற நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது 2013 சனவரியில். தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி. அதற்குள் பெரும்பாலான தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, அல்லது வீடமைப்புக்குப் போய்விட்டன; மிச்சமிருந்த வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கம்பெனிகள் கொண்டுவந்துவிட்டன. மலிவு விலை வீட்டுக்கு உச்சவரம்பே 25,000 வெள்ளியாக இருந்த காலத்தில், அந்த 25,000 வெள்ளியைக் கடன் கொடுக்கக்கூட எந்த வங்கியும் நாள்கூலிக்காரரின் சம்பளச் சீட்டை ஏற்கவில்லை.

அரசுகள் ஒன்றும் பேசாமல் இருக்கவில்லை. பேசின. 1970களில் பிரதமர் துன் ரசாக் காலத்திலேயே தோட்டத் தொழிலாளர் சொந்த வீட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கம்பெனிகள் விரும்பினால் செய்யலாம் என்று விட்டார்கள், கம்பெனிகள் விரும்பவில்லை. 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தேசிய சேமிப்பு வங்கி வழியாக 5 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. 4 விழுக்காடு வட்டி, 60,000 வெள்ளி வரை கடன், இரண்டு தலைமுறையாக 40 ஆண்டுகளில் கட்டி முடிக்கலாம். கடன் வாங்கலாம் சரி, வாங்க வீடு எங்கே? தோட்டத்துக்கு அருகில் நிலம் ஒதுக்காமல், கட்டுமான நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தாமல், கடனை மட்டும் அறிவித்தால் அது பத்திரிகைத் தலைப்போடு முடிந்துபோகும். அந்த 5 கோடியில் பேராக் தொழிலாளர் எத்தனை பேர் சாவி வாங்கினார்கள் என்ற கணக்கை வெளியிடுங்கள்.

தோட்டத்தை விட்டவர்கள் எங்கே போனார்கள்? ஈப்போவுக்கு வந்தவர்கள் புந்தோங்கிலும், குனோங் ராப்பாட்டிலும், மெங்லெம்புவிலும், சிலிபினிலும் ஒண்டினார்கள். சிலர் ஆற்றோரத்திலும் பழைய ஈயக்குட்டை ஓரத்திலும் பலகை வீடு போட்டார்கள். புறம்போக்கு என்று சொல்லி அங்கிருந்தும் கிளப்பினார்கள். பிறகு மலிவு விலை அடுக்குமாடி. புந்தோங் பழைய தமிழ்க் குடியிருப்பு. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் முறுக்கும் கடலையும் வறுத்து விற்றே ஒரு கம்பத்தை உண்டாக்கினார்கள். கச்சாங் பூத்தே கம்பம் என்று நாடே அதை அறியும். அந்தத் தெருக்களில் சொந்தத் தொழில் செய்து தலைநிமிர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைப் பார்த்து, பார்த்தீர்களா, உழைத்தால் முன்னேறலாம் என்று அமைச்சர்கள் பேசுகிறார்கள். சற்றுத் தள்ளி அடுக்குமாடியில் ஏறிப் பாருங்கள். மின்தூக்கி பழுது. மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாத நாளில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாளி தூக்குகிறாள் ஒருத்தி. அவளுடைய அம்மா தோட்டத்தில் பால்வாளி தூக்கியவர். வீட்டுக்கு முன்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து, பின்னால் இரண்டு மாடு கட்டி, கூலி இல்லாத நாளில் பாலை விற்றுச் சமாளித்த குடும்பம் அது. நகரத்தில் மாடு இல்லை, முருங்கை இல்லை. கீரைக்கும் காசு, தண்ணீருக்கும் காசு, பள்ளி வேனுக்கும் காசு. வருமானம் வெள்ளியில் பார்த்தால் கூடியிருக்கலாம். கையில் நிற்பது குறைந்துவிட்டது.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த விதி என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பருத்தி பறிக்கும் இயந்திரம் வந்தபோது, தலைமுறைகளாக அந்த வயல்களில் உழைத்த கறுப்பின மக்கள் சிக்காகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போனார்கள். அங்கே அவர்கள் குடியிருந்த பேட்டைகளுக்கு வீட்டுக்கடன் கொடுக்க மறுத்து, அவர்களை நான்கு தெருக்களுக்குள் அடைத்து வைத்தார்கள். 1967இல் நகரங்கள் தீப்பற்றி எரிந்த பிறகு அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம், அடுத்த ஆண்டே அறிக்கை கொடுத்தது. அந்தச் சேரிகளை உண்டாக்கியதும் வைத்துக் காப்பாற்றியதும் வெள்ளையர் சமுதாயத்தின் நிறுவனங்களே என்று அரசு நியமித்த ஆணையமே எழுதியது. அமெரிக்கா அந்த அறிக்கையின்படி நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் குற்றம் யாருடையது என்று அரசின் முத்திரையோடு ஒரு தாள் அங்கே இருக்கிறது. பேராக் தோட்டத் தமிழன் நகரத்தில் ஏன் ஏழையானான் என்பதற்கு அப்படி ஒரு தாளை எங்கள் அரசுகள் எங்களுக்குக் கொடுத்திருக்கின்றனவா?

1980இலிருந்து 2000 வரை தோட்டங்களை விட்டு வெளியேற்றப்பட்ட இந்தியர்கள் 3 லட்சத்துக்கும் மேல் என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் மதிப்பீடு. மதிப்பீடுதான். ஆனால் 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, 40,313 உறுப்பினர்களில் 28,926 பேர் இந்தியர்கள் என்று ஒன்றுகூடத் தவறாமல் எண்ணிச் சொன்னது. லயத்தை இழந்தவர்களை எண்ணாத அரசு, அவர்களுடைய பிள்ளைகள் வழி தவறியதும் தலை தலையாக எண்ணியது. கும்பலில் சேருகிற பையனுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. அவனுடைய தெருவில் வாழும் தமிழ்த் தாய்மார்தான் அவனுக்கு முதலில் பயப்படுகிறார்கள். ஆனால் எட்டாம் வயதில் தோட்டத்துப் பள்ளியையும், கூடப் படித்தவர்களையும், பாட்டியின் வீட்டையும் ஒரே வாரத்தில் இழந்து, அம்மா அப்பா இருவரும் தொழிற்சாலைப் பேருந்தில் விடியுமுன் ஏறிப் போய்விட, பூட்டிய அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பி வந்தவன் அவன் என்பதையும் அதே அமைச்சு எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு கொடுமை காகிதத்தில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்த வீடுகளில் அலமாரிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். பழைய சம்பளச் சீட்டுகள், தொழிற்சங்க அட்டை, மங்கிப்போன திருமணப் படம், கங்காணி எழுதிக் கொடுத்த துண்டு, அவற்றுக்கு நடுவில் ஒரு சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அட்டை. இங்கேயே பிறந்தவர், பிறப்பைப் பதிய யாரும் பட்டணத்துக்குப் போகவில்லை, போக விடுப்பும் கிடைக்கவில்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். எஞ்சியவர்களில் பலர் அந்தச் சிவப்பு அட்டையோடு கிழவர்களானார்கள். 2018இல் ஆட்சி மாறியதும், 60 வயதைக் கடந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்படும் என்று அறிவித்தார்கள். இந்த வயது மக்களுக்கு, இந்த மண்ணில் வாழ்நாள் முழுக்க உழைத்த பிறகு! 2024 அக்டோபரில் நாடாளுமன்றத்தின் மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நியாயம் செய்தது. அதை மனமார வரவேற்கிறோம். அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையைப் பறித்தது. நாடாளுமன்றத்தில் கை தூக்கிய எங்கள் இன உறுப்பினர்கள், அந்தப் பிளாஸ்டிக் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தூக்கினார்களா?

எங்கள் தலைமைகளையும் இந்த ஏடு விடப்போவதில்லை. சம்பந்தன் சேர்த்த பங்குப் பணம் தோட்டமாக நின்றது. 1984இல் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற பெயரில் மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா.வின் தலைமை திரட்டியது 10 கோடி வெள்ளிக்கும் மேல். கொடுத்தவர்கள் 66,000 பேர். தாலியை அடகு வைத்துக் கொடுத்தவர்களும் அதில் உண்டு. கால் நூற்றாண்டு கழித்து, 2010இல், ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். பணம் போட்டவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். 2008 மார்ச் 8ஆம் தேதி சுங்கை சிப்புட் மக்கள், 1974 முதல் தங்கள் தொகுதியை வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலுவை வீட்டுக்கு அனுப்பி, மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜைத் தேர்ந்தெடுத்தது சும்மா நடந்ததல்ல. அந்தத் தீர்ப்பைப் பார்த்த பிறகாவது பாடம் படித்தார்களா? இன்றைக்கு இந்தியர் உருமாற்றத்துக்கான அரசுப் பிரிவு மித்ரா இருக்கிறது. ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி என்று மேடைதோறும் சொல்கிறார்கள். ஏறத்தாழ 20 லட்சம் இந்தியர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 50 வெள்ளி. அந்தப் பணத்திலும் முறைகேடு என்று 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் ஆள்களைக் கைது செய்ய நேர்ந்தது. கட்சி மாறினாலும் ஒரு பழக்கம் மாறவில்லை: தீபாவளிக்கு அரிசி மூட்டை, படம் எடுத்துக்கொள்ள ஒரு மாதிரிக் காசோலை. நிலப்பட்டாவைக் கேட்டால் மட்டும் குழு அமைத்து ஆராய்கிறோம் என்பார்கள்.

பத்து காஜாவில் கெல்லி கோட்டை நிற்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை 1915 வாக்கில் தொடங்கி, கட்டி முடிக்காமலே 1926இல் லிஸ்பனில் இறந்துபோனார். கல் சுமந்தவர்கள் தமிழர்கள். முதல் உலகப் போருக்குப் பிந்தைய விஷக்காய்ச்சலில் அங்கேயே செத்தவர்களும் தமிழர்கள். நோய் தீர அவர்கள் கேட்டு, துரை கட்டிக் கொடுத்த மாரியம்மன் கோயில் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. கூரையில் தெய்வ உருவங்களுக்கு நடுவே தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிலை ஒன்றும் இருக்கிறது. துரை குடியேறாத அந்த வீட்டை மாநில அரசு பழுது பார்த்து, வெளிச்சம் போட்டு, நுழைவுச் சீட்டு வைத்துக் காட்டுகிறது. பாதுகாக்கட்டும், அது எங்கள் முன்னோர் கை வேலை. ஆனால் அந்தக் கல்லைச் சுமந்தவர்கள் வாழ்ந்த லயங்களுக்கும், அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இந்த மாநிலம் அதே அக்கறையைக் காட்டியதில்லை. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன; வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. பலவற்றின் பெயர்ப்பலகையில் இன்னும் தோட்டத்தின் பெயர் எழுதியிருக்கிறது. தோட்டம் போய்விட்டது, பிள்ளைகள் பட்டணத்தில் இருக்கிறார்கள், பள்ளி செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. மாணவர் குறைந்துவிட்டார்கள் என்று அடுத்த கூட்டத்தில் புள்ளிவிவரம் வாசிப்பார்கள். மாணவர்களின் வீடுகளை இடித்தது யார் அனுமதியோடு என்பதை அந்தப் புள்ளிவிவரத்துக்குப் பக்கத்தில் எழுதட்டும்.

செய்ய முடியாத ஒன்றை நாங்கள் கேட்கவில்லை. ஹுலு சிலாங்கூரில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடின. கம்பெனி நிலம் கொடுக்கவும் மத்திய அரசு பணம் கொடுக்கவும் 2023இல் வழி பிறந்தது. மேசையைச் சுற்றி உட்கார வைத்தால் நடக்கிறது. பேராக்கில் ஏன் உட்கார வைக்கவில்லை?

மந்திரி புசாரும், இந்தியர் நலனுக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினரும் உடனே செய்ய வேண்டியவை இருக்கின்றன. 1980 முதல் இன்றுவரை பேராக்கில் வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்பட்ட ஒவ்வொரு தோட்டத்தின் பெயரும், பரப்பும், வாங்கிய பிரீமியமும், போட்ட நிபந்தனையும், அங்கிருந்து போன குடும்பங்களின் கணக்கும் ஒரு பட்டியலாக வெளிவர வேண்டும். இனி எந்தத் தோட்டத்துக்கு மாற்ற விண்ணப்பம் வந்தாலும், அங்கே வாழும் குடும்பங்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் அதே நிலத்தில், அவர்கள் பெயரில் பட்டாவோடு தரைவீடு கட்டி முடித்துச் சாவி கொடுத்த பிறகே ஒப்புதல் என்று ஆட்சிக்குழு தீர்மானம் போட வேண்டும். அடுக்குமாடி வேண்டாம், தரையில் வாழ்ந்தவர்களுக்குத் தரை வேண்டும். அதுவரை லயத்துக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டுகிற கம்பெனியின் விண்ணப்பம் எதுவும் மாநிலச் செயலகத்தில் நகரக் கூடாது. ஏற்கெனவே வெளியேற்றப்பட்டு ஈப்போ அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு, மாநில வீடமைப்புத் திட்டங்களில் முதல் உரிமை கொடுக்க வேண்டும். தேசியப் பதிவுத் துறை தோட்டத்துப் பள்ளிகளிலும் கோயில் வளாகங்களிலும் முகாம் போட்டு, சிவப்பு அட்டைக்காரர்களின் விண்ணப்பங்களை அங்கேயே வாங்கி, காலக்கெடு வைத்து முடிக்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம், வெளியேற்றப்பட்ட தன் பழைய உறுப்பினர்களுக்காக ஒரு பக்கத்து மனுவையாவது எடுத்துக்கொண்டு மாநிலச் செயலகத்தின் படி ஏற வேண்டும். சந்தா கட்டியவர்கள் அவர்கள்.

அடுத்த சட்டமன்றக் கூட்டத்தில் அந்தத் தோட்டப் பட்டியலைச் சபையின் மேசையில் வையுங்கள். வைக்காவிட்டால், பேராக்கில் நாற்காலி பிடித்திருக்கும் இந்தியச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரும், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஏன் கேட்கவில்லை என்று தங்கள் தொகுதி மக்களிடம் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில்களை ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டு வாங்கி இதே பக்கத்தில் வெளியிடுவோம்.